ஞானம்பாள் அக்காவின் முள்ளுக்காடு

ஞானம்பாள் அக்காவுக்கு அழ வராது. அவளைப் பற்றி எதைச் சொல்வதென்றாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எண்பத்தெட்டில் அவள் வீட்டுக்காரர் சிவசங்கரன் அலுவலகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பொதுப்பணித்துறையில் எழுத்தர். மத்தியானம் உடலைக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோது அக்கா உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பிள்ளைகளும் கிடையாது, மடியில் போட்டுக்கொண்டு அழுவதற்கு. கல்நெஞ்சக்காரி என்று சமையலறைப் பக்கம் நின்று முணுமுணுத்தார்கள். அவர்கள் முணுமுணுத்த லட்சணம் வாசல்வரைக்கும் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, துக்கவீடு என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரை நன்றாகக் கேட்டுவிட்டேன்.

நான் பக்கத்து வீடு. ஜெபராணி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் அதைக் கொஞ்சம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டாள். "டீச்சர், எனக்கு ஏன் ஒண்ணுமே தோண மாட்டேங்கு? பசி தெரியுது, தூக்கம் வருது. வேற ஒண்ணும் தெரியல. எனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். சீனி போட மறந்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு தம்பி, பரமசிவன். டவுனில் ரத வீதியில் பாத்திரக்கடை. அக்காவுக்கு அரசாங்கத்தில் கருணை வேலை வாங்கித்தர அந்த மனுஷன் ஏறாத படி இல்லை. கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு அலுவலகமாகப் போய் நிற்பான். கடைசியில் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை வந்தது. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்து அக்காவுக்குக் காய்கறி கொடுத்துவிட்டுப் போவான். நெற்றி நிறைய திருநீறு, வாய் நிறைய சிரிப்பு. அக்கா என்றால் அவனுக்கு உயிர். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவனை நான் ஏசப்போகிறேன்.

பரமசிவன் ஒரு உழவாரப்பணிக் குழுவுக்குத் தலைவன். கவனிப்பாரில்லாமல் கிடக்கிற சிவன் கோயில்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போவார்கள். பிராகாரத்தில் மண்டிய செடிகொடிகளைச் செதுக்கி எறிவார்கள், கல்லைக் கழுவுவார்கள், விளக்கேற்றிப் பதிகம் பாடிவிட்டு வருவார்கள். ஒரு பைசா வாங்க மாட்டார்கள். சாப்பாட்டைக்கூட வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் சபையில் இப்படி நாலு பேர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த இடம். எங்கள் காலனியின் கடைசி வரிசைக்கும் பாளையங்கால்வாய்க்கும் நடுவே மூன்று ஏக்கர் போலப் புறம்போக்கு. ஒரே சீமைக்கருவேலம். குப்பை கொட்டவும் ஒதுங்கவும்தான் ஜனங்கள் அங்கே போவார்கள். மேலப்பாளையத்து அசன் மைதீன் கரிமூட்டம் போடுகிறவர். ஏலத்தில் எடுத்து எல்லா மரத்தையும் வெட்டினார். அடித்தூரில்தான் நல்ல கரி கிடைக்கும் என்று தூரையும் தோண்டி எடுத்துவிட்டார். இடம் வழுக்கையாகக் கிடந்தது.

அப்புறம்தான் தொண்ணூற்றிரண்டு வெள்ளம் வந்தது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு அந்த இடத்தில் நாலைந்து நாள் தண்ணீர் நின்றது. வடிந்து ஒரு வாரம் இருக்கும், அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "டீச்சர், ஒரு நிமிஷம் வாங்களேன்" என்றாள்.

அவள் யாரையும் எதற்கும் கூப்பிடுகிறவள் அல்ல. அடுப்பை அணைக்காமல்கூட ஓடினேன். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால், வண்டல் படிந்த தரையெல்லாம் பச்சைப்பச்சையாய் முளைத்திருந்தது.

"இதெல்லாம் யாரு போட்டது?" என்று கேட்டாள்.

"யாரும் போடலக்கா. மண்ணுக்குள்ள விதை கெடந்திருக்கும். மேல அந்தச் சீமைக்கருவேலம் நின்னதால வரமுடியாம இருந்திருக்கும்."

"இத்தனை வருஷமாவா?"

"இருந்திருக்கும்."

அவள் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "என்னமோ பண்ணுது டீச்சர்" என்றாள். எங்கே என்று கேட்டேன். நெஞ்சில் கைவைத்துக் காட்டினாள். அவள் வீட்டுக்காரருக்கு வந்த மாதிரி இவளுக்கும் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். அது இல்லை. நாலு வருஷம் கழித்து அவளுக்கு ஏதோ ஒன்று தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான். நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன், அடுப்பில் வைத்த பாலும் தீய்ந்து போயிருந்தது.

அதிலிருந்து அந்த முள்ளுக்காடுதான் அவளுக்கு எல்லாம். அசன் மைதீனைக் கூப்பிட்டு, வெட்டிப்போட்ட முள்ளை வைத்தே சுற்றி வேலி அடைத்தாள். சீமைக்கருவேலங் கன்று எங்கே தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்குவாள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எதையும் நடக்கூடாது, சீமைக்கருவேலத்தைத் தவிர எதையும் பிடுங்கக்கூடாது. நான் ஆசையாக ஒரு குரோட்டன்ஸ் கொண்டுபோனேன். "ஒங்க வீட்டு வாசல்ல வைங்க டீச்சர், நல்லா இருக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

குப்பை கொட்டுகிறவர்களிடம் சண்டைக்குப் போக மாட்டாள். கொட்டினதை அப்படியே அள்ளிக்கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவாள். நான் ஒரு மணி நேரம் கத்தியிருந்தாலும் நடக்காதது அதில் நடந்தது. பிறகு காலனிப் பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்று பிடுங்க வரத்தொடங்கினார்கள். பேச்சுக்கு இடம் கிடைத்தது என்று வந்தவர்கள்தான் பாதிப்பேர். ஆனாலும் வந்தார்கள். காரை, சூரை, சங்கமுள், ஆவாரை, மஞ்சணத்தி, வேலிப்பருத்தி என்று ஒவ்வொன்றாக வந்தன. உடைமரம் இரண்டு குடை விரித்தது. ஒரு வேம்பும் தானாக முளைத்து உயர்ந்தது, மூலையில் ஒரு புற்றும் எழும்பியது. பொங்கலுக்குக் காப்புக்கட்ட ஆவாரம்பூவும் சிறுபீளையும் தேடிச் சந்தைக்குப் போகவேண்டியதில்லை, அக்காவிடம் கேட்டால் அன்றைக்கு ஒருநாள் மட்டும் ஒரு கொத்து ஒடித்துக்கொள்ள விடுவாள். கௌதாரி வந்தது, கீரி வந்தது. ஒரு கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியை மாணவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாளையங்கோட்டைக்குள்ளே இப்படி ஒரு இடமா என்று வியந்தாள்.

கார்த்திகைப் பக்கம் காரைப் புதருக்கு மேலே செங்காந்தள் படர்ந்து பூக்கும். அதை எங்கள் ஊரில் கண்வலிப்பூ என்பார்கள். பார்த்தால் கண் வலிக்குமாம். கிழங்கும் விஷம். பிள்ளைகளை அந்தப் பக்கம் திரும்பவிட மாட்டார்கள். அக்கா அதன் முன்னால்தான் போய் நிற்பாள். கோர்ட்டிலிருந்து வந்ததும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக அங்கே போய் நிற்பாள். வீட்டுக்குள் வந்துவிட்டால் பழையபடி மரத்துப்போய்விடும். "அங்கன நிக்கும்போதுதான் டீச்சர், உசுரோட இருக்க மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

தொண்ணூற்றேழில் வந்தது வினை. அந்த இடத்தில் வரிசையாகக் கடைகள் கட்டலாம் என்று பேச்சு கிளம்பியது. நாங்கள் காலனிக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். பங்குனி கழிவதற்குள் ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், இடம் பராமரிப்பில் இருக்கிறது என்று அவருக்குத் திருப்தியானால் காலனியின் பொறுப்பிலேயே விட்டுவிடுவார்கள் என்று பதில் வந்தது.

பங்குனி வெயிலில் முள்ளுக்காடு எப்படி இருக்கும்? இலை உதிர்ந்து, கொடியெல்லாம் காய்ந்து, வெறும் குச்சியும் முள்ளுமாக நின்றது. செங்காந்தள் இருந்த தடமே இல்லை, அது கிழங்காக மண்ணுக்குள் போய்விட்டது. பரமசிவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

"எக்கா, அந்த ஆபீசரு வந்து இந்த முள்ளப் பாத்தா என்ன நெனப்பாரு? கடையே கட்டுங்கன்னு போயிர மாட்டாரா?"

"இருக்கதப் பாத்துட்டுப் போவட்டும் பரமு" என்றாள் அக்கா.

அவன் முள்ளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊரே காலியாகிவிடும். அவரவர் குடும்பத்துச் சாஸ்தா எந்தக் காட்டில், எந்தக் குளக்கரையில் இருக்கிறாரோ அங்கே போய்ப் பொங்கலிட்டுக் கும்பிட வேண்டும். கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான். அக்காவுக்கு உடன்குடி தாண்டித் தேரிக்காட்டுக்குள் ஒரு சாஸ்தா. கொழுந்தன் வீட்டாரோடு சனிக்கிழமையே கிளம்பிப் போனாள். எனக்கோ அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறும் சேர்ந்து வந்தது, நான் என் வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பரமசிவன் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

நான் திரும்பி வந்தபோது வீடு மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பின்பக்கம் ஒரே வெளிச்சமாக இருந்தது. முள்ளுக்காட்டைக் காணோம். வாய்க்கால்வரைக்கும் தரை துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. காரை, சூரை, உடைமரம், கொடி, எல்லாவற்றையும் வெட்டி, மண்ணைக் கொத்திச் சமன்செய்து, ஒரு மூலையில் குவித்து எரித்திருந்தார்கள். சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தை மட்டும் விட்டிருந்தார்கள், அடிமரத்தில் திருநீற்றுப் பட்டை. புற்றையும் விட்டு அதற்கு மஞ்சள் தெளித்திருந்தார்கள். சுற்றிவரச் சுண்ணாம்பு அடித்த கற்கள். நடுவே குழி எடுத்து அரளியும் நந்தியாவட்டையும் நட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். நந்தவனம்! வாசலில் கோலம் வேறு.

வேலை தொடங்குமுன் பதிகம் பாடி, இந்தச் செடிகொடிகளை வெட்டுகிற பாவம் எங்களைச் சேரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்களாம். கடைசி வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வெட்டுவதற்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, வெட்டலாமா என்று கேட்கத் தெரியவில்லை.

அக்கா செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினாள். கையில் சாஸ்தா கோயில் பொங்கலும், தம்பிக்கென்று வாங்கின உடன்குடிக் கருப்பட்டியும். பரமசிவன் கடைக்குப் போகாமல் காத்திருந்தான். என்னை வாயைத் திறக்கக்கூடாது என்று முன்னமே கையெடுத்துக் கும்பிட்டிருந்தான். அக்காவைக் கண்ணைப் பொத்தாத குறையாகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"பாருக்கா! ஒனக்காகத்தான். ஒரு நாள்ல முடிச்சிட்டோம்லா!"

அக்கா நின்றாள். வாய்க்கால்வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வாசலில் சிவசங்கரனை இறக்கியபோது இருந்த அதே முகம்.

"நல்லா இருக்கு பரமு" என்றாள்.

"புடிச்சிருக்கா?"

"கைய காட்டு."

அவன் இரண்டு கையையும் விரித்தான். மண்வெட்டி பிடித்து உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அக்கா உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் வீட்டுக்குப் போனபிறகு சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம் ஏழு மாசம் அதைத் திறக்கவில்லை.

அதிகாரி வந்தார். இறங்கினதுமே முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க! இப்படி ஒரு இடத்தை நான் பார்த்ததே இல்லை. இதே மாதிரி வெச்சிருந்தீங்கன்னா பூங்காவாவே அறிவிச்சுடலாம்" என்றார். "சார், இங்க என்ன இருந்துதுன்னா..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. வாயை மூடிக்கொண்டேன். கடை வராது, இடம் தப்பித்தது. எல்லாரும் கைதட்டினார்கள், அக்காவும் தட்டினாள். பரமசிவன் அங்கே அதிகாரி முன்னாலேயே, எங்கள் குழு மாதாமாதம் முதல் ஞாயிறு வந்து இதைச் சுத்தமாக வைத்திருக்கும், இது என் அக்காவுக்கு நான் செய்கிற பணி என்று அறிவித்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளைப் பிடித்து ஏசினேன். "சொல்லித் தொலைங்களேன்க்கா! நீ செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வராதா?"

"என்னன்னு சொல்ல டீச்சர்? அவன் மொகத்தப் பாத்தியளா? எனக்கு வேல வாங்கித்தர எத்தன பேரு கால்ல விழுந்தான் தெரியுமா? ஒன்னால எல்லாம் போச்சுலேன்னு சொன்னா, அவன் தாங்குவானா? எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்."

"ஒங்களுக்குக் கோவமே வரலயா?"

யோசித்தாள். "வரல" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை. கோர்ட்டுக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள், படுத்தாள். நான் ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

வாய்க்கால் கரையில் வேலையாக வந்த அசன் மைதீன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தார். "யக்கா, மேலதான சீவிருக்காவ. கீழ தூரு கெடக்கும், கெழங்கு கெடக்கும். ஐப்பசி மழ விழட்டும், பாருங்க" என்றார்.

"மழ விழுந்தா அவங்களும் வருவாங்கல்லா தம்பி" என்றாள் அக்கா.

அவர் சொன்னபடியேதான் நடந்தது, அவள் சொன்னபடியும் நடந்தது. ஐப்பசியில் மழை பிடித்து அடித்தது. பத்து நாளில் அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவே பழைய ஆட்களெல்லாம் தலையை நீட்டினார்கள். வெட்டின அடியிலிருந்து காரை துளிர்த்தது, ஆவாரை முளைத்தது. வேப்பமரத்துப் பக்கம் செங்காந்தள் ஒரு முழம் எழும்பி, இலை நுனியைச் சுருட்டிப் பிடிக்கக் கொம்பு தேடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் ஜன்னலைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முதல் ஞாயிறு மறுநாள்.

"நாளைக்குச் சொல்லிருதேன் டீச்சர்" என்றாள்.

"எப்படிச் சொல்லுவிய?"

"மொதல்ல காப்பி குடுப்பேன். அப்புறம் பையச் சொல்லுவேன். பரமு, இனிமே வரவேண்டாம்லே, இத இப்படியே விட்டுருன்னு. நீங்க பக்கத்துல நில்லுங்க. பேசப்படாது."

நின்றேன். காலையில் குழு வந்தது, ஆணும் பெண்ணுமாக. வாய்க்கால் கரையில் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டிருந்த அசன் மைதீனும் வேடிக்கை பார்க்க என் பக்கத்தில் வந்து நின்றார். பதிகம் பாடி முடித்தார்கள். அக்கா தூக்குவாளியில் காப்பியோடு பின்வாசலில் இறங்கினாள். அதற்குள் பரமசிவன் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். "அடடே, கண்வலிப்பூவுல்லா மொளச்சிருக்கு! சின்னப்பிள்ளைய வார எடம், வெஷக் கெழங்கு. ஒரு குழி போட்டு அடியோட எடுத்துருவோம்" என்று மண்வெட்டியை ஓங்கினான்.

"தொடாதலே!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நானே ஒரு கணம் சுற்றிப் பார்த்தேன். காலனி முழுக்கக் கேட்டிருக்கும். தூக்குவாளி விழுந்து காப்பி மண்ணில் ஓடியது. அக்கா ஓடினாள். கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் விழுந்தது. தம்பி கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"எவம்லே ஒன்ன இங்கன வெட்டச் சொன்னது? யாரக் கேட்டு வெட்டுன? எனக்கு இது ஒண்ணுதான் இருந்துது. இது ஒண்ணுதான்! இதயும் மொட்டையடிச்சிட்டு, சுண்ணாம்பு வேறல்லா அடிச்சி வச்சிருக்க! நான் ஒன்னக் கேட்டனாலே? கேட்டனா?"

உடம்பெல்லாம் உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஏசுக்கா, நல்லா ஏசு, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஏசு என்று மனசுக்குள் கூவினேன்.

அப்போது குழுவில் ஒரு பெரியவர் கைகளைத் தலைக்கு மேலே கூப்பி, "சாமி வந்துட்டு!" என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாரும் மண்வெட்டியையும் அரிவாளையும் கீழே போட்டார்கள். பரமசிவன் வெட்டின மரம் மாதிரி அவள் காலில் விழுந்தான்.

"எந்தச் சாமி வந்திருக்கு? சாஸ்தாவா? தெரியாமச் செஞ்சிட்டோம் சாமி, பொறுத்துக்கிடணும்!"

அக்கா அவனைக் குனிந்து பார்த்தாள். ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்ல! அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நாந்தாம்லே! நாந்தான்! என்னயத் தெரியலயா ஒனக்கு?"

"தெரியுது சாமி, தெரியுது" என்று அவன் தேம்பினான்.

அக்காவுக்கு அழுகை வந்தது. சிவசங்கரனுக்கு வராத அழுகை. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஊரைக் கூட்டி அழுதாள். சாமி மலையேறுகிறது என்று யாரோ அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், யாரோ திருநீறு பூசினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அசன் மைதீன் என் காதருகில் மெதுவாகக் கேட்டார். "டீச்சரம்மா, அக்கா அவங்கள ஏசுதாங்க. அவங்க ஏன் கும்புடுதாங்க?"

அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு இலையை யாரும் கிள்ளவில்லை. சாமி சொன்ன இடம் ஆயிற்றே. பரமசிவன் அரளியையும் நந்தியாவட்டையையும் தன் கையாலேயே பெயர்த்து எடுத்தான், சுண்ணாம்புக் கல்லை அப்புறப்படுத்தினான், கம்பிவேலி போட்டான். ஒரு பீடம் கட்டவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள் அக்கா. உத்தரவு என்று விட்டுவிட்டான். வருஷம் போகப்போக உடைமரம் திரும்பக் குடை விரித்தது. கார்த்திகையில் காரைக்கு மேலே செங்காந்தள் எரிகிற மாதிரிப் பூத்தது. பேராசிரியை மறுபடியும் மாணவிகளைக் கூட்டிவந்து, மக்கள் பங்கேற்பு என்றால் இதுதான் என்று பாடம் நடத்தினாள். என் வாய் அன்றைக்கு எப்படி மூடியிருந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அக்கா உண்மையைச் சொல்லாமல் இல்லை. அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரமே அவனை உட்காரச் சொல்லி, "பரமு, அது சாமியில்லலே. நாந்தான் கோவத்துல கத்துனேன்" என்றாள். நானும் இருந்தேன். அவன் அன்பாகச் சிரித்தான். "சாமி வந்தவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காதுக்கா" என்றான்.

இப்போதும் தினமும் சாயங்காலம் வருகிறான், காய்கறி கொண்டுவருகிறான். செருப்பை வேலிக்கு வெளியிலேயே கழற்றிவிடுகிறான். முன்பெல்லாம் வந்ததும் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "எக்கா, காப்பி கொண்டா" என்பான். நேற்று அக்கா காப்பியைக் கொடுத்தாள். அவன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றான்.

"உக்காந்து குடியேம்லே" என்றாள்.

"இருக்கட்டும்க்கா. நீங்க உக்காருங்க" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே குடித்தான்.